வர்க்கமூலம் ஏன் பிழையாக வந்தது?

கேள்வி: பைதன் செய்நிரலில் ‘சீடைப்ஸ்’ (ctypes) என்ற, பிறமொழி நூலகங்களை அழைக்க உதவும் தொகுதி மூலம் சி மொழியின் கணித நூலகத்தை இணைத்து 2 இன் வர்க்கமூலத்தைக் கேட்டேன். 1.414 வரவில்லை, பொருளற்ற ஒரு முழு எண் வந்தது. நூலகம் பழுதா?
– வாசகர் ஒருவர், வெள்ளவத்தை

பதில்: நூலகத்தில் பழுதில்லை. செய்நிரல் ஓடும்போதே நூலகத்தை இணைக்கும் இயங்குநேர இணைப்பு, நாம் கொடுக்கும் பெயருக்குரிய சார்பின் (function) நினைவக முகவரியை மட்டுமே தேடித் தரும். அச்சார்பு எவ்வகைத் தரவை ஏற்கும், எவ்வகையைத் திருப்பித் தரும் என்ற செய்தி அதனுடன் வருவதில்லை. காலி வீதியில் ஒரு வீட்டின் இலக்கத்தை அறிந்தவருக்கு அவ்வீட்டார் பேசும் மொழி தெரிந்துவிடாதல்லவா? நீங்கள் எதுவும் அறிவிக்காததால், திரும்பி வருவது முழு எண் என்றே சீடைப்ஸ் கொள்கிறது. வழமையான 64 பிட் இன்டெல் கணினிகளில் முழு எண்களும் தசம எண்களும் வெவ்வேறு பதிவகங்களில் (செயலிக்குள் உள்ள சிறு தரவிடங்களில்) கைமாறுவதால், நீங்கள் இட்ட 2 அச்சார்பைச் சென்றடையவேயில்லை. பைதன் எடுத்துக் காட்டியதும் வேறொரு பதிவகத்தில் தற்செயலாக எஞ்சியிருந்த எச்சமே. அழைப்பதற்கு முன், ஏற்கும் வகைகளைச் சொல்லும் ‘ஆர்க்டைப்ஸ்’ (argtypes) பட்டியலிலும் திரும்பும் வகையைச் சொல்லும் ‘ரெஸ்டைப்’பிலும் (restype) தசம எண் வகையான ‘சி_டபுள்’ (c_double) என்று குறித்துவிடுங்கள். சுட்டியை, அதாவது ஒரு நினைவக முகவரியை, திருப்பித் தரும் சார்புகளில் இத்தவறு இன்னும் ஆபத்தானது: 64 பிட் முகவரியின் மேற்பாதி வெட்டுண்டு போவதால், செய்நிரல் சில வேளைகளில் ஒழுங்காக இயங்கி, பின்னர் திடீரென முறியும்.