எல்லோரைப் பற்றியும் எழுதிவிட்டேன், என் பக்கம் மட்டும் காலி

அன்புள்ள மேடத்துக்கு,

வணக்கம். நான் தில்லியில் ஒரு தமிழ்ப் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிறேன். பிப்ரவரியில் போர்டு பரீட்சை. அதற்கு முன்னால் ஃபேர்வெல். அன்றைக்கு எல்லோர் கையிலும் கொடுக்க ஒரு மலர் போடலாம் என்று தமிழ் மேடம் சொன்னார். ஸ்பைரல் பைண்டிங்தான், பெரிய செலவில்லை. வகுப்பில் 27 பேர், ஆளுக்கு ஒரு பக்கம். பெயர், பட்டப்பெயர், "இவரைப் பற்றி", கடைசியாக "எதிர்காலத் திட்டம்". "உனக்குத்தான் கையெழுத்தும் இருக்கு, வாயும் இருக்கு" என்று என் தலையில் கட்டிவிட்டார்கள்.

நவம்பரிலிருந்து ஒவ்வொருவரையும் தனியாக உட்காரவைத்துக் கேட்டு எழுதினேன். சில பேரைச் சொல்கிறேன். பெயர் வேண்டாம், பட்டப்பெயர் போதும்.

"மேஜர்" என்.டி.ஏ. எழுதப் போகிறாள், முப்படை அதிகாரிகளைப் பயிற்றுவிக்கிற அகாடமிக்கான தேர்வு அது. பெண்களை அங்கே 2022-ல்தான் சேர்க்க ஆரம்பித்தார்கள். அந்த முதல் செட்டில் 17 பேர் 2025 மே மாதம் பயிற்சியை முடித்து வெளியே வந்தார்கள். அந்தப் படத்தைப் பேப்பரிலிருந்து வெட்டி ஜாமெட்ரி பாக்ஸ் மூடிக்குள் ஒட்டியிருக்கிறாள். பனிமூட்டத்தில் பூங்காவைச் சுற்றி ஓடும்போது வெள்ளை ஷூ மட்டும்தான் தெரியும், ஆள் தெரியாது. பல்லியைப் பார்த்தால் மட்டும் பெஞ்சு மேல் ஏறி நின்றுகொள்வாள். திட்டம்: அந்த அகாடமி இருக்கிற கடக்வாஸ்லா.

"ரசம்" குளிர்காலம் முழுக்க ஃபிளாஸ்கில் மிளகு ரசம் கொண்டுவருவான். மூடி ஒன்றுதான், வரிசையில் நிற்கவேண்டும். அவன் அம்மா கரோல்பாகில் மெஸ் நடத்துகிறார். அப்பாவுக்கு இன்ஜினியரிங் ஆசை. இவன் ஹோட்டல் மேனேஜ்மெண்ட் நுழைவுத் தேர்வுக்குத் தயாராகிக்கொண்டு, "ஜே.இ.இ.க்குத்தாம்ப்பா படிக்கிறேன்" என்கிறான். ஹோட்டல் மேனேஜ்மெண்ட் தேர்வின் பெயரிலும் ஜே.இ.இ. இருப்பதால் முழுப் பொய்யும் இல்லை. திட்டம்: பூசா, தில்லியிலேயே இருக்கிற ஹோட்டல் மேனேஜ்மெண்ட் கல்லூரி.

"கால்குலேட்டர்" ஆறு பேர் சேர்ந்து கோல்கப்பா சாப்பிட்டால், கடைசியில் பையா சும்மா தருகிற பூரிக்கும் கணக்கு வைப்பாள். திட்டம்: சி.ஏ., பெங்களூரில் சித்தி வீட்டில் தங்கி.

"கலெக்டர்" உத்தராகண்ட் பக்கத்துக் கட்வால் பையன், வீட்டில் ஹிந்தி. ஒன்றாம் வகுப்பிலிருந்து எங்களோடுதான். மூன்று வருடமாகக் குறள் ஒப்பித்தலில் அவனுக்குத்தான் பரிசு. வகுப்பிலேயே "ழ" சுத்தமாக வருவதும் அவனுக்குத்தான், வெட்கமாக இருக்கிறது. யு.பி.எஸ்.சி. எழுதி தமிழ்நாடு கேடர் வாங்குவானாம். "நீங்கல்லாம் இங்கயே கிடங்க, நான் மதுரையில இருப்பேன்."

இன்னொருவனுக்கு நான் மனதுக்குள் வைத்த பெயர் "நரேலா எக்ஸ்பிரஸ்". ஜங்புராவில் மதராசி கேம்ப் என்ற தமிழர் குடிசைப் பகுதியில் இருந்தான். 2025 ஜூனில் அதை இடித்தார்கள். அவன் வீட்டுக்கு நரேலாவில் ஃபிளாட் கிடைத்தது. தில்லியின் வடக்குக் கோடி அது. விடியற்காலை ஐந்து மணிக்குக் கிளம்பி பஸ், மெட்ரோ, மறுபடி பஸ். முதல் பீரியடில் கண்ணைத் திறந்துகொண்டே தூங்குவான், கேள்வி கேட்டால் பதில் மட்டும் சரியாக வரும். எந்த பஸ் எத்தனை நிமிடம் லேட்டாகும், எந்த கண்டக்டர் ஓடிவருகிறவனுக்காக விசில் அடித்து நிறுத்துவார், எல்லாம் அத்துப்படி. இதையெல்லாம் அரைப் பக்கம் எழுதியிருந்தேன். படித்துப் பார்த்துவிட்டு, "பஸ்ஸை எடுத்துடு. பி.காம்., பேங்க் எக்ஸாம்னு மட்டும் போடு" என்றான். எடுத்துவிட்டேன். ஆனால் அவனிடமிருந்தே எதையோ பிடுங்கியது மாதிரி இருக்கிறது. உங்களுக்கு எழுதலாமா என்று கேட்டேன். "தாராளமா. மலரைத்தான் எல்லாரும் படிப்பாங்க, இதை யார் படிக்கப்போறாங்க?" என்று சிரித்தான். மன்னிக்கவும்.

26 பக்கம் முடிந்தது. 27-வது பக்கம் என்னுடையது. அதில் பெயரும் பட்டப்பெயரும்தான் இருக்கிறது. ஹ்யுமானிடீஸ் எடுத்திருக்கிறேன், மார்க் மோசமில்லை. ஆனால் சி.யூ.இ.டி. என்ற பல்கலைக்கழக நுழைவுத் தேர்வு ஃபார்மில் பாடம் தேர்ந்தெடுக்கிற இடம் வந்தால் லேப்டாப்பை மூடிவிடுகிறேன். ஜெராக்ஸ் கடை அண்ணாவிடம் இரண்டு தடவை தேதி சொல்லி இரண்டு தடவையும் கொடுக்கவில்லை. ராத்திரி ஒரு மணி, இரண்டு மணி வரை தூக்கம் வருவதில்லை.

அப்பா மத்திய அரசு வேலையில் இருக்கிறார், ஜூனில் ரிடையர். குவார்ட்டர்ஸைக் காலி செய்யவேண்டும். பெரியப்பாவிடம் போனில், "மன்னார்குடிக்கே வந்துடறோம், மேல ஒரு ரூம் எடுத்துக்கலாம்" என்று சொன்னது காதில் விழுந்தது. நான் கேட்டால், "முதல்ல பரீட்சையை எழுது" என்கிறார். எனக்கு ஊர் என்றால் மே மாதம், தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் இரண்டு ராத்திரி, மாம்பழம், அப்புறம் திரும்பி வருவது. சரி, அது வேறு விஷயம்.

எல்லோருக்கும் ஒன்று இருக்கும்போது எனக்கு மட்டும் ஏன் எதுவுமே இல்லை? நான் சோம்பேறியா, இல்லை மனதில் ஏதாவது கோளாறா?

பெயர் வேண்டாம்,
ஆர்.கே.புரம், புது தில்லி.

*

அன்புள்ள மகளுக்கு,

உன் நண்பன் சொன்னதில் தப்பில்லை. இந்தப் பகுதியைப் பாதிப் பேர் பரிகாரம் தேடித்தான் படிக்கிறார்கள். உன் கடிதத்தை நான் ஆட்களுக்காகவே இரண்டு முறை படித்தேன். ரசத்துக்கு வரிசையில் நானும் நிற்கிறேன்.

இரண்டாம் முறை படிக்கும்போது ஒன்று கண்ணில் பட்டது. அப்பாவின் ரிடையர்மெண்டைச் சில வரிகளில் சொல்லிவிட்டு, "அது வேறு விஷயம்" என்று தள்ளியிருக்கிறாய். எனக்கு அதுதான் விஷயம் என்று படுகிறது.

நீ எழுதிய திட்டங்களைத் திரும்பப் பார். கடக்வாஸ்லா, பூசா, பெங்களூர், மதுரை. என்ன ஆகப்போகிறார்கள் என்று கேட்ட கட்டத்தில், எங்கே இருக்கப்போகிறார்கள் என்று எழுதிவைத்திருக்கிறாய். உனக்குத் தெரியாமலே உன் கேள்வி அதுவாகிவிட்டது. ஊர்ப்பெயர் போடாமல் விட்டது ஒருவனுக்குத்தான், வீடு இடிந்து இடம் மாறியவனுக்கு. அவன் பஸ்ஸுக்கு மட்டும் ஏன் அரைப் பக்கம் ஓடியது உன் பேனா? ஜூலையில் எந்த வீட்டில் தூங்குவோம் என்று தெரியாத பெண்ணால் எந்தக் கல்லூரி என்று எப்படி எழுதமுடியும்? கோளாறும் இல்லை, சோம்பலும் இல்லை. சோம்பேறி 26 பக்கம் எழுதமாட்டாள்.

ஜேம்ஸ் மார்சியா என்ற உளவியலாளர் கல்லூரி மாணவர்களை நேர்கண்டு, 1966-ல் ஒரு கட்டுரை எழுதினார். தேடிப் பார்த்து முடிவெடுத்தவர்கள், தேடாமலே பெரியவர்கள் சொன்னதை முடிவாக்கிக்கொண்டவர்கள், இன்னும் தேடிக்கொண்டிருப்பவர்கள், தேடலும் இல்லாமல் முடிவும் இல்லாமல் இருப்பவர்கள் என்று நான்காகப் பிரித்தார். அவர் பேசியது உன்னைவிட மூத்தவர்களிடம். அவர்களிலேயே இத்தனை வகை இருந்தது. உன் வகுப்பில் பளிச்சென்று பதில் சொன்ன 26 பேரும் முதல் வகை என்று நினைத்துக்கொள்ளாதே. சிலர் வீட்டில் சொன்னதை ஒப்பித்திருப்பார்கள். அதுவும் தப்பில்லை, பதினேழு வயசுதானே.

இப்போது காரியத்துக்கு வருவோம். சி.யூ.இ.டி. ஃபார்மைத் தில்லிக்கான ஃபார்ம் என்று நினைத்துத்தான் மூடிவைக்கிறாய் என்று தோன்றுகிறது. தில்லிப் பல்கலைக்கழகத்துக்கும் அதே தேர்வுதான், திருவாரூரில் இருக்கிற தமிழ்நாடு மத்தியப் பல்கலைக்கழகத்துக்கும் அதே தேர்வுதான். மன்னார்குடியிலிருந்து திருவாரூர் பக்கம், உன் அப்பாவுக்கு வழி தெரியும். ஐந்து பாடம் வரை எழுதலாம், மொழிப் பாடமாகத் தமிழையே எடுக்கலாம். இரண்டு இடத்திலும் நீ படிக்க நினைக்கிற பிரிவுக்கு என்னென்ன பாடம் கேட்கிறார்கள் என்று பார்த்துவிட்டு நிரப்பு. ஊர் முடிவாகும்வரை காத்திருக்கவேண்டியதில்லை.

அப்பாவிடம் பேசு. சாப்பாட்டு நேரத்தில் வேண்டாம், டிவி செய்தி ஓடும்போதும் வேண்டாம். உங்கள் பக்கத்து மலை மந்திர் முருகன் கோயிலுக்குப் போகிற பழக்கம் உண்டென்றால், சாமி கும்பிட்டுவிட்டுப் படி இறங்கும்போது கேள். பரீட்சையைப் பற்றிப் பேச்சே எடுக்காதே. "எப்ப கிளம்பறோம்ப்பா? நான் இங்க படிச்சா எங்க தங்குவேன்? அங்க படிக்கணும்னா எங்க?" மூன்றே கேள்வி. ரிடையர் ஆன பிறகும் குவார்ட்டர்ஸைச் சில மாதம் வைத்துக்கொள்ள விதியில் இடம் இருக்கிறது. ஜூன் 30-ம் தேதியே பெட்டி கட்டவேண்டியதில்லை. "முதல்ல பரீட்சையை எழுது" என்று அவர் சொல்வதற்கு அவரிடமே இன்னும் பதில் இல்லாததும் காரணமாக இருக்கலாம். இத்தனை வருட தில்லியை விட்டுக் கிளம்புகிற மனுஷர், அவருக்கும் தூக்கம் வருகிறதோ என்னவோ. அம்மாவைப் பற்றி நீ ஒரு வார்த்தைகூட எழுதவில்லை. அவரையும் கூட்டிக்கொண்டு போ.

நரேலா பையன் விஷயத்தில் நீ செய்தது சரி. அவன் பக்கம் அவனுடையது. பஸ் உன் நோட்டில் இருக்கட்டும்.

இதைப் படிக்கிறவர்கள் "நீ எழுத்தாளர் ஆகிவிடு" என்று உனக்குச் சொல்வார்கள். நான் சொல்லப்போவதில்லை, இன்னொரு சுமை உனக்கு எதற்கு.

ஜெராக்ஸ் கடைக்கு இரண்டு தடவை தேதி தவறியதும் மறதியால் இல்லை. மலர் பைண்டிங் ஆகிவிட்டால் பள்ளி முடிந்தது என்று ஆகிவிடும், அதனால் இழுத்தடிக்கிறாய். அழவேண்டுமென்றால் அழு, மேஜரையும் கூப்பிட்டுக்கொள். தூக்கமின்மை இன்னும் இரண்டு வாரம் தொடர்ந்தால் 14416-க்குக் கூப்பிடு. டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் அது, இலவசம். தமிழிலேயே பேசலாம்.

27-வது பக்கத்தில் "வீட்டில் பேசிக்கொண்டிருக்கிறோம்" என்று எழுதிவிடு. ஆனால் அதை எழுதுவதற்கு முன்னால் பேச ஆரம்பித்திருக்க வேண்டும். அதனால் ஞாயிற்றுக்கிழமை அப்பா, திங்கட்கிழமை ஜெராக்ஸ் கடை.