கேக்கில் ஏன் சோப்பு வாடை? சமையலறை வேதியியல் கேள்வி பதில்

கேள்வி: அக்கா, பேக்கிங் பவுடர் தீர்ந்துபோச்சுன்னு அதே அளவு, ரெண்டு டீஸ்பூன், ஆப்ப சோடா போட்டுப் பால் கேக் செஞ்சேன். வாயில வைக்க முடியல, ஒரே சோப்பு வாடை. ரெண்டும் ஒண்ணுதானே?

பதில்: ஒண்ணு இல்லம்மா. ஆப்ப சோடா வெறும் சோடியம் பைகார்பனேட். புளிப்பு பட்டாதான் ஒழுங்கா கரியமில வாயுவை விடும். பேக்கிங் பவுடர்ல அதோட உலர்ந்த அமிலப் பொடியும் கொஞ்சம் சோளமாவும் சேர்ந்தே இருக்கு. உங்க மாவுல தயிர், எலுமிச்சை எதுவும் இல்ல. மிஞ்சின சோடா ஓவன் சூட்டுல சோடியம் கார்பனேட்டா மாறிடும். கடையில சலவை சோடான்னு விக்கிறாங்களே, அதேதான்! கேக் நல்லாக் கருத்தும் போயிருக்கணுமே? பால்ல இருக்கிற சர்க்கரையும் புரதமும் சேர்ந்து சிவக்கிறது, சோடாவோட காரத்தன்மை (மிளகாய்க் காரம் இல்ல, புளிப்புக்கு எதிரான குணம்) கூடினா வேகமெடுக்கும். மெயிலார்ட் வினைன்னு பேரு. பிரெஞ்சு வேதியியலாளர் மெயிலார்ட் 1912-ல எழுதி வச்சது.

அடுத்த தடவை ஒரு டீஸ்பூன் பேக்கிங் பவுடருக்குப் பதிலா கால் டீஸ்பூன் சோடா, அரை கப் புளிச்ச தயிர். பால்ல அரை கப் குறைச்சுக்கோங்க.

கேள்வி: தயிரும் சோடாவும் சேர்த்துக் கலக்கின நேரத்துல கரண்ட் போயிடுச்சு. முக்கால் மணி நேரம் கழிச்சு வச்ச கேக் சப்பையா வந்துச்சு மேடம்.

பதில்: கலக்கின உடனே புசுபுசுன்னு குமிழ் வந்துச்சில்ல, கேக்கைத் தூக்க வேண்டியது அந்த வாயுதான். காத்திருந்த நேரத்துல வெளியே போயிடுச்சு. ஓவனைச் சூடாக்கிட்டுக் கலக்குங்க. பேக்கிங் பவுடர்னா கொஞ்சம் பொறுக்கும். கடையில கிடைக்கிறதுல பெரும்பாலானவை ஈரம் பட்டு ஒரு தடவை, சூடு பட்டு இன்னொரு தடவை வாயு விடுற ரகம்.

கேள்வி: புளிக்குழம்புல உருளைக்கிழங்கு அரை மணி கொதிச்சும் நறுக்குன்னே இருக்கு. கிழங்கு சரியில்லையா?

பதில்: கிழங்கைத் திட்டாதீங்க. செல்களை ஒட்டிப் பிடிச்சிருக்கிற பெக்டின் புளிப்புல லேசுல கரையாது. வெறும் தண்ணியில முக்கால் பதம் வேகவிட்டு அப்புறம் புளி ஊத்துங்க.

கேள்வி: அப்போ பருப்புக்கு சோடா போட்டா சீக்கிரம் வேகும்ல?

பதில்: வேகும், பி1 வைட்டமினும் கூடவே போகும். எனக்குப் பிடிக்காத குறுக்குவழி. ஊறவையுங்க.

கேள்வி: வெள்ளைச் சட்டையில சாம்பார் கறை. சோப்பு போட்டதும் ரத்தச் சிவப்பு!

பதில்: மஞ்சள்ல இருக்கிற குர்குமின்ங்கிற நிறப்பொருள் சோப்போட காரத்தன்மையில சிவக்கும். அலசிட்டு வெயில்ல காயப்போடுங்க, ஒளி பட்டா அந்த நிறம் சிதைஞ்சு வெளுக்கும்.

கேள்வி: எலுமிச்சைச் சாறு ஊத்தின பூண்டு ஊறுகாய் நீலப்பச்சையா மாறிடுச்சு. கொட்டிடவா?

பதில்: ஐயோ, வேண்டாம். பூண்டுல இருக்கிற கந்தகச் சேர்மங்கள் அமிலத்துல அமினோ அமிலங்களோட சேர்ந்து உண்டாக்கின நிறம் அது. ஃப்ரிட்ஜ்ல கிடந்த பூண்டுல அதிகம் வரும். பூஞ்சையோ கெட்ட வாடையோ இல்லைன்னா தாராளமா சாப்பிடலாம். பூண்டை முதல்ல நல்லா எண்ணெயில வதக்கிட்டா அடுத்த தடவை இந்த நிறம் வராது.