எடைக்கல்லைப் பற்றி வேதங்கள் ஏன் இவ்வளவு பேசுகின்றன?

தராசும் மரக்காலும் கடைக்காரர் சமாச்சாரம்தானே, அதை ஏன் கடவுளின் கட்டளையாக வைத்தார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். என் பார்வையில், இழந்தவருக்கே தெரியாமல் நடக்கிற திருட்டு இது. நம் டெல்டாவில் வயலோரம் நெல் எடுக்கும் ஒருவர் 40 கிலோ மூட்டைக்கு ஒரு கிலோ கூடுதலாக நிறுத்தால், நூறு மூட்டைக்கு இரண்டரை மூட்டை போய்விடும். அறுவடை அவசரத்தில் யார் கவனிப்பார்கள்?

பைபிளில் உபாகமம் என்ற நூலின் 25ஆம் அதிகாரம், பையில் பெரிதும் சிறிதுமாக இரண்டு வகை எடைக்கற்களை வைத்திருக்கவே கூடாது என்கிறது. பெரியது வாங்க, சிறியது விற்க! அதே பைபிளின் லேவியராகமம் 19இல் இதே கட்டளையோடு, ‘உங்களை எகிப்திலிருந்து மீட்டவர் நான்’ என்ற நினைவூட்டலும் வருகிறது. ஒடுக்கப்பட்டிருந்தவர்கள் இன்னொருவரை ஒடுக்கலாமா? எனக்கு மிகவும் பிடித்த இடம் அது.

குர்ஆனின் 83ஆம் அத்தியாயம், வாங்கும்போது நிறைய அளந்துகொண்டு கொடுக்கும்போது குறைப்பவர்களைக் கடுமையாக எச்சரித்தே தொடங்குகிறது.

அப்புறம் நம் ஊர். பட்டினப்பாலை வேதநூல் இல்லை. ஆனாலும் காவிரிப்பூம்பட்டினத்து வணிகர்களை, ‘கொள்வதூஉம் மிகை கொளாது கொடுப்பதூஉம் குறை கொடாது’ என்று புகழ்கிறது. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் நெல் அளக்கும் மரக்காலுக்கும் பொன் நிறுக்கும் கல்லுக்கும் ‘ஆடவல்லான்’ என்று இறைவன் பெயரையே வைத்திருக்கிறார்கள். அந்த மரக்காலில் குறைத்து அளக்க யாருக்குக் கை வரும்?