‘சிக்லிட் கல்’ வாங்கலாமா?

கேள்வி: 4 அடி தொட்டியில் ஆப்பிரிக்காவின் மலாவி ஏரியில் வாழும் ம்புனா வகை சிக்லிட் மீன்களை வளர்க்கப் போகிறேன். ‘சிக்லிட் கல்’ என்ற பெயரில் ஒன்றைக் கிலோ கணக்கில் விற்கிறார்கள். சாதாரணக் கல்லைவிடப் பல மடங்கு விலை. தண்ணீரின் பி.எச். அளவை (அமில, காரத்தன்மையின் அளவு) அந்தக் கல்லே பார்த்துக்கொள்ளும் என்கிறார் கடைக்காரர். நம்பலாமா?

பதில்: அந்தப் பெயருக்காக ஒரு காசுகூட அதிகம் கொடுக்காதீர்கள். அது பாறை வகையின் பெயரல்ல, விற்பனைக்காக வைத்த பெயர். என்ன பாறை என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் கல்லைச் சற்றே சுரண்டி, அந்த இடத்தில் சில சொட்டு வினிகர் விடுங்கள். நுரைத்தால் அதில் சுண்ணாம்பு இருக்கிறது. உங்கள் மீன்களுக்கு அதனால் கெடுதல் இல்லை. மலாவி ஏரி நீரின் பி.எச். அளவே ஏறத்தாழ 7.7 முதல் 8.6 வரை. ஆனால் ஏற்கெனவே கடினமான, காரத்தன்மையுள்ள நீரில் சுண்ணாம்புக்கல் மிக மெதுவாகத்தான் கரையும். பி.எச். அளவை அது காக்கும் என்று நம்பிப் பணம் கொடுப்பது வீண். நுரைக்காத கிரானைட்டும் இம்மீன்களுக்கு அதே அளவு நல்லது. 

பணம் கொடுக்க வேண்டியது வடிவத்துக்குத்தான். ம்புனா என்றால் மலாவி நாட்டின் டோங்கா மொழியில் பாறைமீன் என்று பொருள். பாறையில் படரும் பாசியை மேய்ந்து, துரத்தல் வந்தால் இடுக்கில் ஒளியும் மீன்கள் இவை. ஆகவே பொடிக் கற்களை மூட்டையாக வாங்குவதைவிட, அடி தட்டையான பெரிய கற்கள் சிலவற்றைத் தேர்ந்தெடுப்பதே சரி. கடைத் தரையிலேயே மூன்று கற்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கையால் தள்ளிப் பாருங்கள். ஆடினால் கல்லை மாற்றுங்கள். விளிம்பில் விரலை ஓட்டும்போது தோல் சிக்கினால், விரட்டப்படும் மீனின் உடலும் அங்கே கிழியும். உலோகம்போல் மின்னும் கீற்றோ துருக்கறையோ உள்ள கல் வேண்டவே வேண்டாம்.

தொட்டியில் முதலில் கல், பிறகுதான் மணல். அடிக்கண்ணாடியின்மேல் மெல்லிய தெர்மாகோல் தகடு விரித்துக் கல்லை அமர்த்துங்கள். நான் ஒருமுறை மணல்மேல் வைத்தேன். மீன்கள் ஒரே இரவில் அடியைத் தோண்டிவிட்டன. சாய்ந்த கல் முன்கண்ணாடியில் போட்ட கீறல் இன்றும் அப்படியே இருக்கிறது. இன்னொன்று: 40 கிலோ கிரானைட் சுமார் 15 லிட்டர் நீரின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். மருந்து அளக்கும்போது இதைக் கழித்துக் கணக்கிடுங்கள்.

கேள்வி: கல்லைக் கொதிக்க வைக்க வேண்டுமா? ரெசினில் வார்த்த செயற்கைப் பாறை எப்படி?

பதில்: கொதிக்க வைக்காதீர்கள். உள்ளே சிக்கிய ஈரம் ஆவியாகிக் கல் வெடிக்கக்கூடும். தூரிகையால் தேய்த்துக் கழுவினால் போதும். ரெசின் பாறை எடை குறைவு, அது நல்லதுதான். ஆனால் உள்ளே கூடாக இருக்கும். நீர் புகுந்து வெளியேறத் துளை இல்லையென்றால் மிதக்கும். துளை குறுகலாக இருந்தால் நுழைந்த மீன் திரும்ப முடியாமல் உள்ளேயே செத்துப்போகும். கவிழ்த்துப் பார்க்கவிடாத கடையில் வாங்காதீர்கள்.