53-இல் ஒரு பட்டை

கேள்வி: எலியின் மூளைத் திசுவில் 5-எச்டி2ஏ என்ற செரோடோனின் ஏற்பியை (மூளையில் செய்தி கடத்தும் செரோடோனினைப் பிடிக்கும் புரதம்) தேடி வெஸ்டர்ன் பிளாட் செய்கிறேன்: புரதங்களை ஜெல்லில் எடைவாரியாகப் பிரித்து, மெம்பிரேன் என்ற மெல்லிய தாளுக்கு மாற்றி, ஆன்டிபாடியால் அடையாளம் காணும் சோதனை. பயன்படுத்துவது முயலில் தயாரித்த பாலிகுளோனல் ஆன்டிபாடி, அதாவது பல ஆன்டிபாடிகளின் கலவை. 53 கிலோடால்டன் (புரத எடையின் அலகு) அருகில் ஒரு பட்டை பளிச்சென்று விழுகிறது. ஜெல்லின் உச்சியில், மாதிரி ஊற்றிய குழியை ஒட்டி, கறுப்புத் திட்டு ஒன்றும் நிற்கிறது. 53-இல் இருப்பதுதான் ஏற்பி என்று எழுதிவிடலாமா?
– ஓர் ஆராய்ச்சி மாணவி

பதில்: இப்போதைக்கு எழுதாதீர்கள். நானும் இதே ஏற்பிக்கு, இதே அளவில் வந்த பட்டையை ஆறு மாதம் நம்பியிருந்தேன். அப்புறம் நண்பர் ஒருவர் அந்த மரபணுவே நீக்கப்பட்ட எலியின் மூளைத் துண்டைக் கொடுத்தார். சாதாரண எலி, மரபணு நீக்கிய எலி, பக்கத்துப் பக்கத்தில் ஓட்டினேன். இரண்டிலும் ஒரே பட்டை, ஒரே கறுப்பு. இருட்டறையில் அந்த ஃபிலிமைப் பிடித்தபடி வெகுநேரம் நின்றேன்.

இந்த ஏற்பியில் 471 அமினோ அமிலங்கள். கணக்குப்படி எடை 53 கிலோடால்டனுக்குச் சற்றுக் குறைவு. ஆனால் செல்லுக்குள் அதன்மேல் சர்க்கரைச் சங்கிலிகள் ஏறுகின்றன. எனவே கணக்கிட்ட எடையைவிட மேலே, கலங்கலாகப் பரவித் தெரிவது இயல்பு. கணக்கு எடையிலேயே கூர்மையாக நிற்கும் பட்டையைப் பார்த்தால் எனக்குச் சந்தேகம்தான் வரும். திசுவில் ரத்தம் மிச்சமிருந்தால் எலியின் சொந்த ஆன்டிபாடியின் கனச்சங்கிலியும் (அதன் பெரிய துண்டு) 50 அருகில்தான் விழும். முயல் ஆன்டிபாடியைப் போடாமல், அதைப் பிடித்துக் காட்டும் இரண்டாம் ஆன்டிபாடியை மட்டும் போட்டு ஒரு துண்டு மெம்பிரேனைப் பாருங்கள். பட்டை அங்கேயும் வந்தால் விஷயம் முடிந்தது.

உச்சியில் நிற்கும் திட்டுக்குக் காரணம் பெரும்பாலும் கொதிக்கவைப்பது. இது செல் சவ்வை ஏழு முறை துளைத்துச் செல்லும் புரதம். 95 டிகிரியில் சூடாக்கினால் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிடும், ஜெல்லுக்குள் இறங்காது. 37 டிகிரியில் அரை மணி நேரம் வைத்துப் பாருங்கள்.

சரி, மரபணு நீக்கிய எலி எல்லோருக்கும் கிடைக்குமா? கிடைக்காது. ஆனால் நீங்கள் எடுத்த மூளையிலேயே ஒரு சோதனை இருக்கிறது. இந்த ஏற்பி பெருமூளைப் புறணியில் நிறைய, சிறுமூளையில் மிகக் குறைவு. இரண்டையும் சம அளவு புரதம் ஏற்றி ஓட்டுங்கள். பட்டை இரண்டிலும் ஒரே கனமாக இருந்தால் அது நீங்கள் தேடுவது அல்ல. இன்னொன்று, இந்த ஏற்பியின் மரபணுவைச் செலுத்திய எச்இகே செல்களையும் (ஆய்வகத்தில் வளர்க்கும் மனிதச் செல்கள்) செலுத்தாதவற்றையும் ஒப்பிடுவது.

ஆன்டிபாடியோடு வரும் பெப்டைடை (அந்த ஆன்டிபாடியை உருவாக்கப் பயன்பட்ட சிறு புரதத் துண்டு) சேர்த்ததும் பட்டை மறைகிறது, அது போதாதா என்று அடுத்துக் கேட்பீர்கள். போதாது. பெப்டைடு ஆன்டிபாடியின் கையைக் கட்டிப்போடுகிறது. கட்டிய கை சரியானதையும் பிடிக்காது, தவறானதையும் பிடிக்காது.

இது நம் இருவருக்கு மட்டும் நேர்ந்ததல்ல. 2009-இல் ஒரு மருந்தியல் ஆய்விதழ் சவ்வை ஏழு முறை துளைக்கும் இதே குடும்ப ஏற்பிகளின் ஆன்டிபாடிகள் பற்றி வரிசையாகக் கட்டுரைகள் வெளியிட்டது. மஸ்கரினிக், அட்ரினலின் ஏற்பிகளுக்கான பல ஆன்டிபாடிகள், ஏற்பியே இல்லாத எலியிலும் அதே பட்டைகளைக் காட்டின.

கேள்வி: அதே ஆன்டிபாடியின் அடுத்த குப்பி வந்ததும் பட்டைகள் மாறிவிட்டன. தவறு என்னுடையதா?
– அதே மாணவி

பதில்: இல்லை. பாலிகுளோனல் என்றால் ஒவ்வொரு முயலின் ரத்தமும் ஒரு தனிக் கலவை. குப்பியில் உள்ள தயாரிப்புத் தொகுதி எண்ணை நோட்டில் குறித்துவையுங்கள். புதுக் குப்பி வந்ததும் புறணி, சிறுமூளைச் சோதனையை முதலிலிருந்து செய்யுங்கள், பழைய தொகுதியில் கொஞ்சம் மிச்சமிருக்கும்போதே.