‘சாண்டினிஸ்டா!’ காதில் ஏறவில்லையா? ஒரு பக்கத்தோடு நிறுத்திப் பாருங்கள்

கேள்வி: மாயா அருள்பிரகாசத்தின் (எம்.ஐ.ஏ.) ‘பேப்பர் பிளேன்ஸ்’ பாடலுக்கு அடியில் ஓடும் இசை பிரிட்டனின் பங்க் ராக் குழுவான தி கிளாஷுடையது என்று தெரிந்து, அவர்களைத் தேடிக் கேட்கத் தொடங்கினேன். ‘லண்டன் காலிங்’ உடனே பிடித்துவிட்டது. அடுத்து வந்த ‘சாண்டினிஸ்டா!’வை மூன்று முறை முயன்றும் பாதியைத் தாண்ட முடியவில்லை. அரசியல் பங்க் என்கிறார்கள், கோபத்தையே காணோம். விட்டுவிடலாமா?

பதில்: விட்டுவிடாதீர்கள். கேட்கும் முறையை மட்டும் மாற்றுங்கள்.

1980 டிசம்பரில் வெளிவந்த இந்த ஆல்பம் மூன்று இசைத்தட்டுகள் கொண்டது. ஆறு பக்கங்கள், பக்கத்துக்கு ஆறு பாடல்கள், ஆக 36. மொத்தம் இரண்டேகால் மணி நேரத்துக்கும் மேல் ஓடும். அன்று வாங்கியவர்கள் ஏறத்தாழ 25 நிமிடத்துக்கு ஒரு முறை எழுந்துபோய்த் தட்டைத் திருப்ப வேண்டியிருந்தது. மனம் இல்லையென்றால் அங்கேயே நிறுத்திவிடலாம். பிடித்திருந்தால் அதே பக்கத்தை மறுபடி வைக்கலாம். இன்று கைபேசியில் 36 பாடல்களும் மூச்சுவிடாமல் வரிசையாக வருகின்றன. ஆறு வேளைச் சாப்பாட்டை ஒரே இலையில் பரிமாறினால் யாருக்கும் திகட்டத்தான் செய்யும். நானும் முதல் முறை மூன்றாவது பக்கத்தில் அணைத்துவிட்டேன். பிறகு பல மாதங்கள் தொடவே இல்லை.

ஆகவே வாரத்துக்கு ஒரு பக்கம் போதும். ‘லண்டன் காலிங்’ பிடித்தவர் என்பதால் நான்காவது பக்கத்திலிருந்து தொடங்குங்கள். அதன் முதல் பாடல் ‘போலீஸ் ஆன் மை பேக்’. எடி கிராண்ட் தன் ஈக்வல்ஸ் குழுவுக்காக எழுதியதை இவர்கள் மறுபடி பாடியிருக்கிறார்கள். கித்தார் போலீஸ் வண்டியின் சங்கு போலவே அலறும். நீங்கள் தேடிய வேகம் அதில் இருக்கிறது.

கோபம் எங்கே என்று கேட்டீர்கள். அதே பக்கத்தின் ஐந்தாவது பாடல் ‘வாஷிங்டன் புல்லட்ஸ்’, அதாவது வாஷிங்டனின் குண்டுகள். முதல் முறை கேட்கும்போது, மரிம்பா கட்டைகள் கிணுகிணுக்க, கடற்கரையில் மாலை நேரத்தில் வாசிக்கும் பாட்டைப் போல இருக்கும். அடுத்த முறை பாடல் வரிகளைக் கையில் வைத்துக்கொண்டு கேளுங்கள். (அசல் தட்டுடன் வரிகளை அச்சடித்தே கொடுத்தார்கள், இன்று இணையத்தில் எளிதாகக் கிடைக்கும்.) ஜமைக்காவில் சுட்டுக் கொல்லப்பட்ட பதினான்கு வயதுச் சிறுவனில் தொடங்குகிறது. சிலிக்குப் போகிறது: 1973 ராணுவப் புரட்சிக்குப் பின் சான்டியாகோ நகர மைதானத்தில் அடைத்து வைக்கப்பட்டுக் கொல்லப்பட்ட பாடகர் விக்டர் ஹாராவைப் பெயர் சொல்லி நினைக்கிறது. அங்கிருந்து கியூபா, நிகரகுவா. இதோடு நின்றிருந்தால் வெறும் கட்சிப் பாட்டு. குழுவின் பாடகர் ஜோ ஸ்ட்ரம்மர் அதோடு நிறுத்தவில்லை. ஆப்கானிஸ்தானில் மாஸ்கோவின் குண்டுகளையும், திபெத்தில் பீஜிங்கின் கையையும், கடைசியில் கூலிப்படையினர் கையில் இருக்கும் தன் சொந்த நாடான பிரிட்டனின் குண்டுகளையும் அதே மெல்லிய மெட்டில் கணக்கில் சேர்க்கிறார். குரல் எங்குமே உயர்வதில்லை. அது எனக்குப் புரிந்த நாளில் மறுபடி மறுபடி அந்த ஒரு பாட்டையே போட்டுக்கொண்டிருந்தேன்.

ஆல்பத்தின் பெயரும் இந்தப் பாட்டில்தான் ஒலிக்கிறது. 1979 ஜூலையில் நிகரகுவாவின் சொமோசா ஆட்சியை வீழ்த்திய இடதுசாரிக் கிளர்ச்சியாளர்களான சாண்டினிஸ்டாக்களின் பெயர் அது. தட்டின் வரிசை எண்ணாகக்கூட அந்த இயக்கத்தின் ஸ்பானியச் சுருக்கெழுத்தை வைத்தார்கள்: எஃப்.எஸ்.எல்.என். 1. மூன்று தட்டுகளையும் ஏறக்குறைய ஒரு தட்டின் விலைக்கே விற்க வேண்டும் என்று பிடிவாதமாக நின்று, பிரிட்டனில் முதல் இரண்டு லட்சம் பிரதிகளுக்கான தங்கள் உரிமைத்தொகையை விட்டுக்கொடுத்தார்கள். இதையும் அரசியலாகவே நான் எடுத்துக்கொள்கிறேன்.

இனி காது. எதில் கேட்கிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. கைபேசியின் சின்ன ஒலிபெருக்கி என்றால் ஆல்பத்தின் பாதியை நீங்கள் கேட்கவே இல்லை. ஜமைக்காவின் ரெகேயும், பதிவான பாட்டின் குரலைக் குறைத்து பாஸையும் டிரம்ஸையும் முன்னால் கொண்டுவரும் டப்பும் இதில் முதுகெலும்பு. அந்த இசையின் கனம் முழுவதும் பாஸ் கித்தாரில் இருக்கிறது. அவ்வளவு தாழ்ந்த ஒலியைச் சின்ன ஒலிபெருக்கி எழுப்பாது. நல்ல ஹெட்போன் போட்டு இரண்டாவது பக்கத்தின் ‘ஒன் மோர் டைம்’ பாடலையும் அதை ஒட்டி வரும் டப் வடிவத்தையும் சேர்த்துக் கேளுங்கள். பல ரெகே பாடல்களில் நான்கு எண்ணினால் முதல் எண்ணிக்கை காலியாக இருக்கும், டிரம்ஸின் கனத்த அடி மூன்றில் விழும். சமத்தில், அதாவது முதல் எண்ணிக்கையில், அடி விழும் என்று எதிர்பார்த்துப் பழகிய காதுக்கு முதலில் தடுமாற்றமாக இருப்பது இயல்பு. விரலால் தொடையில் தட்டிக்கொண்டே கேட்டால் மூன்று நான்கு முறையில் பிடிபட்டுவிடும்.

திரும்பத் திரும்பக் கேட்டால் எதுவும் பிடித்துப்போகும், அதில் ஆல்பத்துக்கு என்ன பெருமை என்று சிலர் கேட்பார்கள். பழக்கத்தால் விருப்பம் கூடும் என்பதை உளவியலாளர் ராபர்ட் ஸயோன்ஸ் 1968-லேயே எழுதியிருக்கிறார். ஆனால் பழக்கம் மட்டுமே காரணம் என்றால் இதே ஆல்பத்தின் ‘மென்ஸ்ஃபோர்த் ஹில்’ எனக்கு இந்நேரம் பிடித்திருக்க வேண்டும். முதல் பக்கத்தின் ‘சம்திங் அபவுட் இங்கிலாந்து’ பாடலைப் பின்னோக்கி ஓடவிட்டு உருவாக்கியது அது. எத்தனை முறை கேட்டும் ஒட்டவில்லை. அதன் மூலப் பாடலோ ஒவ்வொரு முறையும் புதிதாக ஒன்றைத் தருகிறது. குழுவின் கித்தார் கலைஞர் மிக் ஜோன்ஸ் இளைஞனாகவும் ஸ்ட்ரம்மர் தெருவில் கிடக்கும் முதியவராகவும் மாறி மாறிப் பாட, ஒரு நூற்றாண்டுப் போர்களும் வறுமையும் நான்கு நிமிடத்துக்குள் கடந்து போகின்றன. ஆகவே பிடிக்காததைக் கூச்சமில்லாமல் தள்ளிவிடுங்கள். 36-ஐயும் விரும்பியாக வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை.

ஆறாவது பக்கத்தைக் கடைசி வாரத்துக்கு வையுங்கள். பெரும்பகுதி முந்தைய பாடல்களின் டப் வடிவங்கள்தான். மூலங்கள் மனத்தில் பதிந்த பிறகே அவற்றுக்குப் பொருள் உண்டு. அங்கே ‘கேரியர் ஆப்பர்ச்சூனிட்டீஸ்’ என்ற பாட்டைக் கீபோர்டு வாசித்த மிக்கி கலாகரின் சின்னப் பையன்கள் மழலைக் குரலில் பாடுகிறார்கள். கிடைக்காத வேலைகளைப் பற்றி ஸ்ட்ரம்மர் 1977-இல் கத்திப் பாடிய அதே பாட்டு. அந்தப் பழைய பதிவைக் குழுவின் முதல் ஆல்பத்திலிருந்து எடுத்து ஒரு முறை கேட்டுவிட்டு, உடனே பிள்ளைகள் பாடியதைப் போடுங்கள்.