பெங்களூரு ஜெயநகரில் இருக்கும் அப்பாவுக்கு 58 வயது, சர்க்கரையும் பிரஷரும் உண்டு, சர்க்கரைக்குக் கிளிமிபிரைடு மாத்திரை சாப்பிடுகிறார். வாரம் இரண்டு முறை பத்து நிமிடம் படபடப்பு வருகிறது, ஈசிஜி நார்மல் என்றால் போதுமா?

போதாது. ஈசிஜியில் பதிவாவது சுமார் 10 விநாடித் துடிப்பு. வாரம் இரண்டு முறை பத்து நிமிடம் வந்துபோகும் படபடப்பு அதில் சிக்கினால்தான் ஆச்சரியம். உடலில் மாட்டிக்கொண்டு 24 மணி நேரம் துடிப்பைப் பதியும் ஹோல்டர் கருவியும் தவறவிடலாம். 7 முதல் 14 நாள் நெஞ்சில் ஒட்டிவைத்துத் துடிப்பைப் பதியும் பேட்ச் பற்றி டாக்டரிடம் கேளுங்கள். 58 வயது, சர்க்கரை, பிரஷர் எல்லாம் சேர்ந்திருப்பதால் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் (இதயத்தின் மேலறைகள் தாறுமாறாகத் துடிப்பது) இருக்கிறதா என்று பார்த்தே ஆகவேண்டும். பக்கவாத ஆபத்து அதில்தான். எக்கோ (இதய ஸ்கேன்), தைராய்டு, பொட்டாசியம், ஹீமோகுளோபினும் தேவை.

அடுத்த முறை வரும்போது நாடியை ஒரு முழு நிமிடம் எண்ணி, சீரா தாறுமாறா என்று எழுதிவையுங்கள். கிளிமிபிரைடு சாப்பிடுகிறார் என்றீர்களே, குளுக்கோமீட்டரிலும் பாருங்கள்: 70க்குக் கீழே என்றால் சர்க்கரை இறக்கமே காரணமாக இருக்கலாம்.

மயக்கம், நெஞ்சுவலி, மூச்சுத்திணறல் சேர்ந்தால் 108 ஆம்புலன்ஸ். ஜெயநகரிலிருந்து ஜெயதேவா இதய மருத்துவமனை பக்கம்தான், ஆனாலும் ஸ்கூட்டரில் ஏற்றிப்போக வேண்டாம்.